ராஜினாமா எழுதாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்தில். எழுத்தைப் பெரிதாக்கிப் படி, இல்லையென்றால் போனையே வாசிக்கச் சொல்லிக் கேள், எப்படியானாலும் கடைசி வரைக்கும் வந்துவிடு.

கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றாய். விடாதே. நீ இருப்பது அரசு வங்கி. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 20-ஆவது பிரிவை எடுத்துப் பார், அதில் நான்காவது உட்பிரிவு உனக்காகவே எழுதினது மாதிரி இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்தால் அவரை வேலையிலிருந்து அனுப்பக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பார்த்துவந்த வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அதற்கும் இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். ஆனால் நீயாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் இதில் ஒன்றும் உனக்கு உதவாது. "வீட்டில் போய் ரெஸ்ட் எடுங்களேன்" என்று உன் மேலாளர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், இருந்தாலும் அது அவர் சொல்ல வேண்டிய பேச்சு இல்லை.

"எனக்குத்தான் எழுத்து நன்றாகத் தெரிகிறதே, யார் மாற்றுத்திறனாளி சான்றிதழ் தருவார்கள்" என்று கேட்டாய். உனக்கு வந்திருக்கும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற, மரபணுக் கோளாறால் விழித்திரை தேயும் நோயில் முதலில் போவது இருட்டில் பார்க்க உதவும் செல்கள், அப்புறம் ஓரப் பார்வை, நடுப் பார்வை பெரும்பாலும் கடைசியில்தான். சட்டத்தில் பார்வைப் புலத்துக்கு, அதாவது கண்ணை அசைக்காமல் எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்பதற்கு, தனியாகக் கணக்கு இருக்கிறது. 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினால் குறைபார்வை, 10-க்கும் கீழே போனால் பார்வையின்மை, நீ சுவரில் உள்ள கடைசி வரியைப் படித்தாலும் சரி. அதனால் பார்வைப் புலப் பரிசோதனைத் தாளைப் பத்திரமாக வை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ டம்ளரை எடுத்த விதத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புறங்கையை மேஜையோடு ஒட்டி மெதுவாக நகர்த்தி, விரல் பட்டதும் கையைத் திருப்பிப் பிடித்தாய். யாரும் சொல்லித் தராமல் நீயே கண்டுபிடித்திருக்கிறாய். இதையெல்லாம் முறையாகவே சொல்லித் தருகிறார்கள் பாப்பா, படியிறங்க, ரோடு கடக்க, வெள்ளைக் கோல் பிடிக்க. கொஞ்சம் பார்வை இருக்கும்போதே படித்துக்கொண்டால் பயம் குறைவு. கோல் எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்கிறாய். பார்க்கட்டும். நிறுத்தி வைத்த பைக்கில் முட்டிக்கொண்டு முழங்காலில் ரத்தத்தோடு ஆபீஸ் போவதைவிட அது எவ்வளவோ தேவலை, அதோடு ஓட்டிக்கொண்டு வருகிறவனும் நின்று வழிவிடுவான்.

எங்கள் பள்ளிக்கூடத்து வரலாறு சாரை உனக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்து வந்தவர், என்னோடு வேலை பார்த்தவர். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து தடவிப் படிக்கிற பிரெய்ல் புள்ளி எழுத்தை அதற்கான பலகையில் டக் டக் என்று குத்திக் குறிப்பு எடுப்பார், வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவி வாசிப்பார். விடைத்தாளை ஒருவர் வாசிக்க, இவர் மார்க் சொல்லுவார். ரெண்டு தாளில் ஒரே தப்பு ஒரே இடத்தில் வந்தால் கேட்கும்போதே நிறுத்தி, "முன்னால போனது யாரு தாளு?" என்பார். வீட்டுக் கடன் வாங்கி வீடு கட்டினார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், சம்பளக் கமிஷன் வரவில்லை என்று எங்களோடு சேர்ந்து சத்தமும் போட்டார். அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதாக எனக்கு நினைவில்லை, பசங்கள் பயந்ததுதான் நினைவில் இருக்கிறது.

அவர் காலத்தில் அவருக்கு இல்லாதது உனக்கு இருக்கிறது. என்விடிஏ என்று ஒரு திரைவாசிப்பான், கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள், ஆஸ்திரேலியாவில் பார்வையில்லாத இரண்டு பேர் 2006-ல் தொடங்கினது, காசே கிடையாது, தமிழும் வாசிக்கும். எக்செல் கட்டத்தில் எந்த வரிசை, எந்த எண் என்று காதில் சொல்லும். ஸ்கேன் செய்த காகிதத்தை நேராகப் படிக்காது, எழுத்தாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். வங்கியின் சொந்த மென்பொருளில் சில திரைகள் ஒத்துழைக்காமலும் போகலாம். அதைச் சரிசெய்து தரும்படி எழுத்தில் கேள், தேவையான வசதி செய்து தருவதும் அதே 20-ஆவது பிரிவில்தான் இருக்கிறது. கையெழுத்து சரிபார்ப்பதும் கேஷ் கவுண்டரும் வேண்டாம் என்று சொல், கடன் பிரிவு கேள். சென்னைப் பெண் பெனோ செஃபைன், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஸ்டேட் பேங்க்கில் அதிகாரியாக இருந்துவிட்டுத்தான் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனார். நீயும் அப்படிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை, வங்கி வேலையே முடியாது என்று உன்னிடம் யாராவது சொன்னால் இதைச் சொல்.

வைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சிலைச் சாறு விட்டால் சரியாகும் என்று பெரியம்மா சொல்கிற ஆளிடம் போக வேண்டாம். 2017-ல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும்தான். உனக்கு எந்த மரபணுவில் கோளாறு என்று ஒரு பரிசோதனை செய்து வைத்துக்கொள்வோம்.

அப்புறம் கல்யாணம். மறைத்து முடித்துவிடலாம் என்கிறவர்களுக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். வருகிறவனுக்கு முதல் பேச்சிலேயே தெரிய வேண்டும், தெரிந்து ஓடுகிறவன் ஓடட்டும். மாமா பையன் பேச்சும் வேண்டாம், ஒரே கோளாறான மரபணு இரண்டு பக்கமும் இருக்கச் சொந்தத்தில் வாய்ப்பு அதிகம். உனக்கு இஷ்டமில்லையென்றால் கல்யாணமே வேண்டாம், சம்பளம் உன் கணக்கில் வந்தால் போதும்.

பொங்கல் லீவோடு நாலு நாள் சேர்த்துப் போட்டு வா. ஆதாரில் நம் வீட்டு முகவரிதானே இருக்கிறது, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சான்றிதழுக்கு அப்பா கூட வருவார். அந்த ராஜினாமாவை டைப் செய்து வைத்திருந்தால் இன்றைக்கே அழித்துவிடு, டிக்கெட் போட்டதும் போன் பண்ணு.

அம்மா