திங்கக்கிழமைக்குள்ள படிச்சிருங்க, இ-ஆபீஸ் (ஆபீஸ் ஃபைல கம்ப்யூட்டர்லயே நடத்துற முறை) வேலை

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பழைய ஃபைல் ஸ்கேனிங்ல மேலூர், உசிலம்பட்டி டீமு முன்னாடி போயிட்டாங்க, திருமங்கலத்துல பீரோவே இன்னும் தொறக்கலையாம், சாவி யார்ட்டண்ணே இருக்கு?

முக்கியமான விஷயம் ஃபான்ட். நேத்து வந்த டிராஃப்ட நம்ம சிஸ்டத்துல தொறந்தா மதுரை மாவட்டம்னு இருக்க வேண்டிய எடத்துல அம்புட்டும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கெடக்கு, பாமினிங்குற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சிருக்காங்க. எந்த கம்ப்யூட்டர்ல தொறந்தாலும் தமிழாவே தெரியுற யூனிகோடுதான்னு 2010லயே அரசாணை வந்துருச்சு, நம்ம இன்னும் பாமினியையே கட்டிக்கிட்டு அழுகுறோம். பாமினில இருக்குற ஃபைல அப்டியே ஏத்துனா தேடும்போது ஒரு பேரும் சிக்காது, அதனால கன்வெர்ட்டர்ல போட்டு மாத்திட்டு, பேரையும் சர்வே நம்பரையும் ஒரிஜினலோட ஒரு தடவ கண்ணால ஒத்துப் பாத்துட்டு அப்புறம் ஏத்துங்க.

ஸ்கேன் பண்றப்ப தாளோட பின்பக்கமும் பாருங்க. போன வாரம் ஒரு பட்டா மாறுதல் ஃபைல்ல உத்தரவும் கையெழுத்தும் பின்னாடி இருந்துச்சு, முன்பக்கத்த மட்டும் எடுத்து கட்டி வச்சிட்டாங்க, மறுபடி மூட்டைய அவுத்து தேடி எடுக்குறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் போச்சு. நூலு கட்டுன ஓட்டைல எழுத்து மறையுதான்னும் பாத்துக்கோங்க.

அப்பறம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (கம்ப்யூட்டர்ல சொருகி கையெழுத்து போடுற பென்டிரைவ் மாதிரி சாதனம்) எப்ப எக்ஸ்பைரி ஆகுதுன்னு இன்னைக்கே பாத்து இங்கயே போடுங்க, பாஸ்வேர்ட போட்றாதீங்க சாமி.

திங்க காலைல 10 மணிக்கு கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங், லேப்டாப் இருக்கவங்க சார்ஜரோட வாங்க.