எல்லாம் வாய்வுப் பிடிப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெஞ்சின் மேல்பக்கம் வலித்தால் ஒன்று மாரடைப்பு, இல்லாவிட்டால் கேஸ், இதைத் தாண்டி நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. தொண்டைக்குழிக்கு இரண்டு பக்கமும் விரலில் தட்டுப்படுகிறதே ஒரு மேடு, அங்கேதான் காறை எலும்பு மார்பெலும்போடு சேர்கிறது. அதுவும் ஒரு மூட்டுதான், மற்ற மூட்டுகளைப் போல அதிலும் அழற்சி வரும்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்தத் தொந்தரவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ‘தோள்பட்டை வலி’ என்றுதான் சொல்வார்கள். பரணிலிருந்து பாத்திரம் எடுக்கும்போது சுருக்கென்று குத்தும், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்க முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலி. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஒன்று புடைத்திருப்பதே தெரியும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இது பெரும்பாலும் தேய்மானம்தான், பயப்பட வேண்டியதில்லை. முடக்குவாதம், சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும் வரலாம். உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ சீழ்க்கொப்புளம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தோலுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் மறைத்துவிடுகிறார்கள்.

சரி, எப்போது ஓட வேண்டும்? வீக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, கூடவே காய்ச்சலோ குளிர்நடுக்கமோ இருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகளும், டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டிருப்பவர்களும் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் இந்த மூட்டுக்குப் பின்னாலேயே பெரிய ரத்தக்குழாய்களும் மூச்சுக்குழாயும் இருக்கின்றன, சீழ் உள்பக்கம் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நேரத்தில் போய் எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரம். இதே மூட்டில் காசநோய் வந்தால் அது வேறு மாதிரி: அவ்வளவாகச் சிவக்காது, சுடாது, வாரக்கணக்கில் மெல்ல வீங்கும், சாயங்காலம் காய்ச்சல் வரலாம், எடையும் குறையலாம்.

அப்புறம், எக்ஸ்ரே நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். விலாவும் முதுகெலும்பும் குறுக்கே விழுவதால் சாதாரண எக்ஸ்ரேயில் இந்த மூட்டு தெளிவாகத் தெரியாது, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். அதே சமயம் அழுத்தினால் வலிக்கிறது, அதனால் இதயக் கோளாறு இல்லை என்று நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் முதலில் 108தான்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைப் படத்தோடு விளக்கமாக எழுத வைத்தால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்