அண்ணைக்கு, கனடாவில சிம்கோ ஏரிப்பக்கமிருந்து

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் எல்லாரும் சுகமா இருக்க முருகனை வேண்டுறன். கடிதம் போட்டுக் கனகாலம், அம்மா கோவிச்சிருப்பா. ஏரி உறைய முதல் சனம் எல்லாம் போட்டைக் கரையேத்தி, நான் வேலை செய்யிற போட் திருத்துற பட்டறை வாசலில விட்டிடும். அதுதான் சுணக்கம்.

முதல் நீங்கள் கேட்ட போட் இஞ்சின் விசயம். கியர் ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி வந்தால் தண்ணி உள்ளுக்குப் போகுது. ஒயிலை மட்டும் மாத்திப்போட்டு ஓடாதேங்கோ. புறொப்பெல்லரைக் கழட்டித் தண்டைப் பாருங்கோ. அநேகமா அங்க தங்கூசி, அதுதான் நைலோன் தூண்டில் நூல், சுத்திக் கிடக்கும். தண்டைச் சுத்தித் தண்ணியை மறிக்கிற றப்பர் சீலுகளை அதுதான் அறுக்கிறது. சீல் இரண்டையும் மாத்துங்கோ. பழையது எந்தப் பக்கம் பாத்திருந்தது எண்டு கழட்ட முதல் குறிச்சு வையுங்கோ. சீல் உரசின இடத்தில நகம் தடக்கிற பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிக்காது, தண்டையும் மாத்த வேணும். கியர் ஒயில் ஓட்டை ரெண்டையும் மூடுற பிளக்குகளுக்குப் புது வாஷர் போடுங்கோ. 90 நம்பர் ஒயிலைக் கீழ் ஓட்டையால அடியுங்கோ, மேல் ஓட்டையால குமிழி இல்லாமல் வழியுமட்டும். மேலால ஊத்தினால் காத்து உள்ளுக்க நிண்டிடும். மேல் பிளக்கை இறுக்கின பிறகுதான் கீழதைப் பூட்டுறது. ஒரு நாள் ஓடி, இரவு ஆட்டாமல் நிமித்தி விட்டு, விடியக் கீழ் பிளக்கைத் துளி தளர்த்துங்கோ. தண்ணி இருந்தால் அதுதான் முதல் வரும்.

மண்ணெண்ணையில ஓடினால், கரைக்கு வர முதல் பெற்றோலுக்கு மாத்திக் கொஞ்சம் ஓடிப்போட்டு நிப்பாட்டுங்கோ. காபரேட்டரில மண்ணெண்ணை நிண்டால் விடியக்காலமை கயிறு இழுத்தே தோள் கழரும். சின்ன மாமாவுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை.

இங்க அதே தண்ணி வேற மாதிரிக் கெடுக்கும். கியருக்க நிண்ட தண்ணி குளிருக்கு உறைஞ்சு, பருத்து, அலுமினியக் கோதையே வெடிக்கப் பண்ணும். அதால ஒயில் மாத்துறதை மாரிக்கு முதலே முடிக்க வேணும். இஞ்சினைச் சாய்க்காமல் நிமித்தித்தான் வைக்கிறது, இஞ்சினைக் குளிராக்க ஓடின தண்ணி தானா வடியும். பற்றரி சார்ஜ் முழுக்க இருந்தால் உறையாது, இறங்கினது உறைஞ்சு வெடிக்கும்.

கூடத் தலையிடி ட்ரெய்லர்தான். நீங்கள் போட்டை மணலில தள்ளுறியள், இங்க காருக்குப் பின்னால இழுத்துக்கொண்டு வருவினம். ஓடிவந்து சூடான சில்லை உடனே குளிர் தண்ணிக்க இறக்கினால், சில்லின்ர நடுவில பேரிங் இருக்கிற கூட்டுக்க நிக்கிற காத்துச் சுருங்கித் தண்ணியை உறிஞ்சும். பிறகு கிறீஸ் போய், பேரிங் துருப்பிடிச்சு, றோட்டில சில்லுக் கழண்டு போகும். கை வைக்கிற சூடு வருமட்டும் பொறுத்தால் போதும், ஆர் பொறுக்கினம்? லைற் எரியாட்டி முதல் வெள்ளை வயரைப் பாக்க வேணும், அதுதான் எர்த். துருப்பிடிச்ச சட்டத்தில பூட்டியிருந்தால் ஒரு பக்கம் சிக்னல் போட மற்றப் பக்கமும் மினுங்கும்.

பக்கத்து வீட்டுக் கிழவர் போட்டின்ர அடி ஓட்டையை அடைக்கிற தக்கையை, மறக்காமல் இருக்கக் கார்த் திறப்போட கட்டி வைச்சிருக்கிறார். தக்கை போடாமல் இறக்கிப் போட் தாண்டுபோறது இங்க வழமை. தை மாசம் அதே ஏரியில பனிக்கட்டியில துளை போட்டு, சின்னக் கொட்டிலுக்க இருந்து தூண்டில் போடுவார். எனக்கும் ஒரு மீன் தந்தவர். தூள் போட்டுக் காய்ச்சினன், கறி எண்டு சொல்லேலாது.

ஏரித் தண்ணி உப்பில்லை, இஞ்சினுக்கு நல்லது. ஆனால் கரையில நிண்டால் ஒரு மணமும் இல்லை அண்ணை. வலை காயிற மணம்கூட இல்லை.

மாரியில வேலை நாள் கொஞ்சம் குறையும், அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். தங்கச்சியின்ர சம்பந்தத்துக்கு மாப்பிள்ளை பகுதி காணி கேட்டால் கிணத்தடிக் காணியை என்ர பங்கோட எழுதுங்கோ. எனக்குப் பதிலா நீங்கள் கையெழுத்துப் போட அற்றோணித் தத்துவம் அனுப்புறன். பெரியம்மாவிட்ட முதலே சொல்லிப்போடுங்கோ, பிறகு மனத்தாங்கல் வேண்டாம். காசு தைக்கு முதல் வரும், மச்சாளின்ர காப்பை அடகு வைக்காதேங்கோ.

இஞ்சின் கிளாம்பில ஒரு சின்னத் தகடு இருக்கு. அதில இருக்கிற மொடல் நம்பரை எழுதி அனுப்புங்கோ. சீல் அங்க கிடைக்காட்டி, தைப்பூசத்துக்கு வாற மாமியின்ர மகனிட்டக் குடுத்துவிடுறன்.

அன்புடன்,
தம்பி