கட்டம் பிசகாமல் கரை சேர்த்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க.

சென்னிமலைப் பக்கம் ஜக்கார்ட் தறிக்கு (பூ, மயில் போன்ற டிசைன்களை நெய்யும் தறி) டிசைன் போடுகிறவர்களுக்காக நான் எழுதிய கட்டத்தாள் மென்பொருள் போன வாரம் முழுசாக ஜிடிகே 3-க்கு மாறிவிட்டது. (ஜிடிகே என்பது திரையில் சாளரம், பொத்தான், மெனு எல்லாம் காட்ட உதவும் நிரல் தொகுப்பு; 3 அதன் பதிப்பு எண்.) நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது.

பழசு பைத்தான் என்ற நிரல் மொழியின் 2-ஆம் பதிப்பில், ஜிடிகே 2-ஐப் பைத்தானோடு இணைக்கும் பைஜிடிகே வைத்து எழுதியது. 2020 ஜனவரியோடு பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிடிகே 4 வந்ததும் ஜிடிகே 2-உம் முடிந்தது. உபுண்டு இயங்குதளத்தின் புதுப் பதிப்பு போட்ட கணினிகளில் நம் மென்பொருள் திறக்கவே இல்லை. இதற்காகவே பழைய கணினி ஒன்றைத் தறிப்பட்டறை மூலையில் காப்பாற்றி வைத்திருந்தார் ஒருவர்.

முதல் நன்றி ஈரோட்டுத் தம்பிக்கு. திரைமேல் நேரடியாகக் கோடு போடும் பழைய கட்டளைகள் ஜிடிகே 3-இல் கிடையாது, எல்லாம் கெய்ரோ என்ற வரையும் நிரல் தொகுப்பு வழியாகத்தான். அத்தனையையும் உட்கார்ந்து மாற்றினார்.

மாற்றிப் பார்த்தால் கோடெல்லாம் மங்கல். பல வருடமாக டிசைன் போடும் அக்கா திரையைப் பார்த்ததும், "ஏனுங் தம்பி, இதுல எப்படி எண்றது? ஒரு கட்டம் தப்புனா பூவே கோணிப் போயிருமே" என்றார். நியாயம்தான். ஒரு கட்டம் என்றால் நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூலும் குறுக்கே போகும் ஒரு ஊடை நூலும் சேரும் இடம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் கோயம்புத்தூர் கல்லூரி மாணவி. கெய்ரோவில் முழு எண் இடத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) அகலக் கோடு போட்டால், அது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து இரண்டிலும் பாதிப் பாதியாகப் பரவும். அரைப் புள்ளி தள்ளிப் போட்டார், கோடு நறுக்கென்று வந்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லையாம். ரொம்ப நன்றி, கண்ணு.

நடுவில் நான் சோர்ந்து விட்டுவிடப் பார்த்தேன். அப்போது கரூர் அண்ணன்தான் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை நினைவுபடுத்தினார். ஜிடிகே பிறந்ததே கிம்ப்புக்காக. ஜிடிகே 3 வந்தது 2011-இல், கிம்ப் அதற்கு மாறிய 3.0 வெளியானது 2025 மார்ச்சில். "அவங்களுக்கே 14 வருசமாச்சு, நமக்கு ரெண்டு வருசம் பெருசா?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை மறுபடி உட்கார வைத்தது.

நேராக ஜிடிகே 4-க்கே போயிருக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். அதில் பழைய மெனு முறையையே எடுத்துவிட்டார்கள். வலது சொடுக்கு மெனுவில் பழகிய கைகளை இப்போதே அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், சோதித்துப் பார்க்கத் தறியையே அரைநாள் நிறுத்திக் கொடுத்த குடும்பத்துக்கு, கூலி போனது தெரிந்தும் கொடுத்ததற்கு, கைகூப்பி நன்றி.

அக்கா புதுப் பதிப்பில் போட்ட முதல் போர்வை வியாழக்கிழமை தறியிலிருந்து இறங்கியது. மயில் டிசைன். கொண்டையில் ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி