பெரியவர்கள் ஆடினார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூத மதம் பற்றிய கட்டுரை படித்தேன். உணவு விதிகளையும் ஓய்வுநாள் கட்டுப்பாடுகளையும் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால் படித்து முடித்ததும், கடவுளுக்குப் பயந்து சட்டத்துக்கு அடங்கி வாழ்வதுதான் அந்த மதம் என்ற எண்ணமே மனதில் தங்குகிறது. எனக்கு அது வருத்தமாக இருந்தது.

அந்தச் சட்டங்களை ஒழுங்குபடுத்தித் தொகுத்தவர்களில் முதன்மையானவர் 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடஸ். மருத்துவர், தர்க்கத்தில் கறாரானவர். அவரே தம் சட்டத் தொகுப்பான ‘மிஷ்னே தோரா’வில், கட்டளையை நிறைவேற்றும்போது மனிதன் அடைகிற மகிழ்ச்சி பெரிய வழிபாடு என்கிறார். மகிழாமல் ஒதுங்கி நிற்பவன் தண்டனைக்கு உரியவனாம்! அப்புறம் உடனே பணிவுக்கு வருகிறார்: அந்த நேரத்தில் தன் கௌரவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் பாவி, மூடன், தன்னைத் தாழ்த்திக்கொள்பவனே பெரியவன். மகிழ்ச்சியையும் பணிவையும் அவர் தனித்தனியாக வைக்கவே இல்லை. கௌரவத்தை விடாதவனால் எப்படி மனம்விட்டு ஆட முடியும்?

இதற்கு அவர் காட்டும் சான்று பழைய இஸ்ரவேலின் அரசன் தாவீது. கடவுளின் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வந்தபோது அரசன் அதன்முன் துள்ளி ஆடினான். ஜன்னல் வழியே பார்த்த மனைவி மீகாள் அவனை மனதில் இகழ்ந்தாள். பிறகு நேரிலேயே ஏளனம் செய்தாள். அவள் முந்தைய அரசன் சவுலின் மகள், அரண்மனையில் வளர்ந்தவள். இதைவிடவும் என்னைத் தாழ்த்திக்கொள்வேன் என்றான் தாவீது.

எனக்கு மிகவும் பிடித்தது, எருசலேமில் யூதர்களின் ஆலயம் இருந்த காலத்துக் கூடாரப் பண்டிகை என்னும் அறுவடை விழா. இரவில் முற்றத்தில் பொன் விளக்குத் தண்டுகள் எரியும். ஆலயப் பூசாரிகளான ஆசாரியர்களின் பழைய உடைகளைக் கிழித்துத்தான் திரி போடுவார்கள். ஆலயப் பணிக்குரிய குலத்தாரான லேவியர்கள் யாழும் தாளமும் எக்காளமும் இசைப்பார்கள். தலைமை அறிஞரான ரப்பான் சிமெயோன் பென் கமாலியேல் எட்டுத் தீப்பந்தங்களை ஒன்றோடொன்று மோதாமல் வீசிப் பிடித்தார் என்கிறது யூத அறிஞர்களின் விவாதத் தொகுப்பான தல்மூத். எல்லோரும் அங்கே ஆடிவிடவில்லை என்றும் மைமோனிடஸ் குறிப்பிடுகிறார். அறிஞர்கள், நீதிமன்றப் பெரியவர்கள், மூப்பர்கள்தான் கைதட்டி ஆடினார்கள். சாதாரண மக்கள் பார்க்க வந்தார்கள். நம் விழா மேடைகளில் யார் ஆடுகிறார்கள், யார் முன்வரிசை நாற்காலியில் உட்காருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த ஹசீதியம் என்னும் யூத பக்தி இயக்கம் இந்த மகிழ்ச்சியை ஏழை எளியவர்களிடமும் கொண்டுபோனது. அது தனிக் கட்டுரைக்கே உரிய விஷயம். அதே கட்டுரையாளரை எழுதச் சொல்லி வெளியிட்டால் நன்றியோடு படிப்பேன்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி