தோப்பில் நடந்த கல்யாணம்

அன்புள்ள மாப்ளே,

வீட்டில் எல்லோரும் சுகமா? லீவு கிடைக்கவில்லை என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நெட்டை தன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எங்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். வீடியோ உனக்கு வந்திருக்கும். அதில் இல்லாததை எழுதுகிறேன்.

மண்டபமே வேண்டாம் என்றது கல்யாணப் பொண்ணு, நம் டீச்சர்தான். "மண்டபம்னா பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னு ரெண்டு பக்கம் வேணும். நமக்கு ரெண்டு பக்கமும் காலி" என்றாள். காலேஜில் தொடங்கிய பிரியம், சாதி பேசிப் பேசியே இரண்டு வீடும் இத்தனை வருசம் தள்ளிப்போட்டது. இப்போது இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. நெட்டையின் தாய்மாமன் ஒருத்தர் மட்டும் மனசு வைத்து, ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் தென்னந்தோப்பைத் திறந்துவிட்டார்.

கத்திரி இன்னும் முடியவில்லை. அதனால் வெயில் தாழ்ந்த பிறகுதான் கல்யாணம். தோப்பில் கல்யாணம் என்றால் போட்டோவில் அழகாக இருக்கும், ஆனால் தென்னைக்கு அடியில் இருநூறு பேரை உட்கார வைப்பது விளையாட்டா? மாமா நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை போடும் தேங்காய் வெட்டைக் கல்யாணத்துக்கு முந்தின நாளுக்குச் சரியாக வைத்துக்கொண்டார். ஆட்கள் ஏறி, முற்றின காய், காய்ந்த மட்டை, தொங்குகிற பன்னாடை ஒன்றுவிடாமல் இறக்கினார்கள். நாற்காலி போடுமுன் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் "போடு" என்றார். மதியமே மோட்டாரை ஓடவிட்டு மண்ணை நனைத்திருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஐந்தரைக்கு மேல் வீச ஆரம்பித்ததும் விசிறி மட்டையைக் கீழே வைத்துவிட்டோம். வாசலில் நீர்மோரும் நுங்கும்.

தலைமை நம் தமிழ் ஐயா. ஐயர் இல்லை, அக்னி இல்லை, தாலியும் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். ஐயா பேசியது கொஞ்ச நேரம்தான். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவைச் சொன்னார். உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலும், இவரை ஏற்றுக்கொள்கிறேன் என்று தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவருக்கொருவர் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும். "நண்பர்னு சட்டத்துலயே எழுதியிருக்குப்பா, நீங்க வந்ததே இவங்களுக்குப் பலம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை வருசம் அவர்களுக்காக எதுவும் செய்ய முடியவில்லையே என்று நீயும் நானும் எத்தனை ராத்திரி புலம்பியிருப்போம்!

டீச்சர் கணீரென்று சொன்னாள். நெட்டை, "இவளை என் மனைவியா..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். கூட்டத்தில் யாரும் அசையவில்லை. அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் "ஏத்துக்கறேன்" வந்தது. சம்பங்கி மாலை மாற்றினார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதற்குப் பிறகு நடந்தது. முதல் பந்தி உட்கார்ந்தபோது மாமாவின் கார் வந்து நின்றது. இறங்கியது நெட்டையின் அம்மா. அப்பா வரவில்லை. அம்மா யாரிடமும் பேசவில்லை. பந்தியைச் சுற்றி நடந்து வந்தவர் டீச்சரின் இலைக்கு எதிரே நின்று, பரிமாறுகிற பையனிடம், "அந்தப் புள்ளைக்கு இன்னொரு ஒப்புட்டு வை, நெய் ஊத்து" என்றார். டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தாள். "உக்காரு சாமி, சாப்புடு" என்று தோளை அமர்த்தினார். மாப்ளே, அந்தக் கை நெடுநேரம் அந்தத் தோளிலேயே இருந்தது. மனிதர்கள் மாற மாட்டார்கள் என்று இனி யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. டீச்சர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்யும், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அடுத்த வாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறோம், சாட்சிக் கையெழுத்தில் ஒன்று என்னுடையது. நீ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டீச்சருக்கே போன் போடு. அவள் அண்ணன் ஸ்தானத்தில் உன்னைத்தான் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் ரூம்மேட்