நாலு கிரவுண்டு மண்

மேற்கு மாம்பலம்,
சென்னை

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாமல் இருந்தாலே பாதி குணம் என்று தங்கச்சி சொல்வதைக் கேள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

பதில் தாமதமானதற்குக் காரணம் நம் பள்ளிக்கூடம்தான். நாம் படித்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று என்னையும் கமிட்டியில் போட்டுவிட்டார்கள்.

முதல் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். நாம் கோலிக்குழி தோண்டிய இடம் உட்பட மைதானம் முழுக்கச் சாம்பல் நிறம். "பேவர் பிளாக் சார், நீட்டா இருக்கும்" என்றார் கான்ட்ராக்டர். வேப்பமரத்தைச் சுற்றி ஓரடிக்கு ஒரு வளையம், அவ்வளவுதான் மிச்சம். 2016 வர்தா புயலில் இந்தத் தெருவில் சாய்ந்த மரங்களின் வேரை நீ பார்க்கவில்லை. சிமென்டுக்குள் சிக்கி, பூந்தொட்டியைக் கவிழ்த்தால் வருமே, அந்த மாதிரி உருண்டையாக வந்தது.

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் ஹெச்.எம். அம்மா பேசியதும் கொஞ்சம் அடங்கிவிட்டேன். ஐப்பசி மழையில் வகுப்பறை முழுக்கச் சேறு, வெள்ளைச் சட்டையோடு வரும் பிள்ளை வழுக்கி விழுகிறது, சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணை இரண்டு பேர் தூக்கி வர வேண்டியிருக்கிறது என்றார். இதற்கெல்லாம் நான் என்ன பதில் சொல்வது? போதாததற்குத் தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பக் கெட்டியான பாதை வேண்டும். 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு அதில் யாரும் பேரம் பேசக்கூடாது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மைதானம் நாலு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி. ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை நம் ஊருக்குப் புதிதில்லை. அப்படிப் பெய்தால் இந்த ஒரு மைதானத்தில் மட்டும் சுமார் 89,000 லிட்டர் விழும். 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல்! 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அத்தனையையும் வாட்டம் பார்த்துத் தெருவுக்குத் தள்ளிவிட்டால் துரைசாமி சப்வேயில் போய் நிற்கும், நாமே அதில் நீந்த வேண்டியதுதான்.

பேவர் பிளாக் இடுக்கில் தண்ணீர் இறங்குமே என்கிறார்கள். மணல் மெத்தையில் பதித்தால் கொஞ்சம் இறங்கும். இவர்கள் அடியில் கான்கிரீட் போட்டு அதன் மேல் அடுக்கப் பார்க்கிறார்கள். அதற்கு மொட்டைமாடியே மேல். 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழியைத் திறந்து பார்த்தேன். உள்ளே மிட்டாய்க் காகிதமும் இரண்டு கிரிக்கெட் பந்தும். வேறொன்றும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன் காலை மணி அடிக்கும் நேரத்தில் கேட் பக்கம் நின்று பிள்ளைகள் எங்கே நடக்கிறார்கள் என்று பார்த்தேன். கேட்டிலிருந்து வகுப்புக்கு, வகுப்பிலிருந்து கழிப்பறைக்கு, சத்துணவுக் கூடத்துக்கு. புல் முளைக்காத தடங்கள் தரையிலேயே தெரிகின்றன. அவற்றையும் வண்டிப் பாதையையும் மட்டும் பாவினால் போதும் என்றேன். மைதானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மீதி செம்மண்ணும் கிராவலும் கலந்து தட்டிய தரை. வாட்டம் வேப்பமரப் பக்கம் போய், அங்கே ஓர் உறைகிணற்றில் முடிய வேண்டும். லேக் வியூ ரோடு என்று பெயர் மட்டும் மிஞ்சிய ஏரி ஊர் நம்முடையது, மேலே களிமண். அதைத் தாண்டி மணல் தட்டும் வரை உறை இறக்காவிட்டால் தண்ணீர் நின்று கொசுதான் வளரும்.

கான்ட்ராக்டர் முகம் சுருங்கிவிட்டது. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர், பாவம். ஆயாம்மாவுக்கும் என் மேல் வருத்தம். மண்தரையில் வேப்பஞ்சருகு கூட்டுவது அவர்தானே. அவர் சொல்வது நியாயம்தான், அதற்கு இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. கூடுதலாக ஓர் ஆள் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பார்ப்போம். ஹெச்.எம். அம்மா பாதி மனசோடு சம்மதித்திருக்கிறார். முதல் மழையில் சேறானால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாராம்.

ஒரு உதவி. உன் தோட்டத்துப் பூவரசில் கைத்தடிக் கனத்துக்கு நாலைந்து போத்து வெட்டிப் பார்சல் வண்டியில் போட்டு விடு. மழை பிடிக்கும் முன் மேற்குச் சுவரோரம் நட்டுவிட வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த இலையில் பீப்பீ செய்யத் தெரியுமோ என்னவோ. போன வாரம் நான் ஊதிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. பொங்கலுக்கு வரும்போது நீதான் சொல்லித்தர வேண்டும்.

உன்,
கடைசி பெஞ்ச் கூட்டாளி